யார் இந்த பரூக் பிளம்பெர்க்? கல்லீரல் புற்றுநோய் ஆபத்தை ரத்தத்திலேயே காட்டிக்கொடுத்த ‘ஆஸ்திரேலியா’ கோடு

ரத்தப் பரிசோதனை சீட்டில் ஹெச்பிஎஸ்ஏஜி என்று ஒரு வரி இருக்கும். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்கள், ஆபரேஷனுக்கு முன்னாடி எடுப்பார்கள், ரத்த தானம் செய்தால் ரத்த வங்கியிலும் எடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ‘நெகட்டிவ்’ என்று வரும். சீட்டை மடித்து வைத்துவிட்டு மறந்துவிடுவோம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் கல்லீரல் டாக்டர் இல்லை. வைரஸ் நிபுணரும் இல்லை. அந்தப் பரிசோதனைக்கு வழிசெய்த பொருளைக் கண்டுபிடித்தபோது அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. கல்லீரல் புற்றுநோய் யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் பார்க்க முடியும் என்ற நிலை வந்ததற்கு அவரே முக்கியக் காரணம். பெயர் பரூக் சாமுவேல் பிளம்பெர்க்.

கணக்கு படிக்கப் போனவர் டாக்டர் ஆனது எப்படி?

1925 ஜூலை 28-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் பிளம்பெர்க். அப்பா வக்கீல். உயர்நிலைப் படிப்பு ஃபார் ராக்கவே பள்ளியில். இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் படித்ததும் இதே பள்ளிதான்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். கடற்படையில் இருந்தபடியே இயற்பியலில் பட்டம் முடித்தார். பிறகு கணிதத்தில் மேற்படிப்புக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். மருத்துவம் படிக்கலாமே என்று யோசனை சொன்னவர் அப்பா. மகனும் கேட்டுக்கொண்டார். 1951-ல் டாக்டர் பட்டம்.

இதற்கு நடுவே நடந்த ஒரு பயணம்தான் எல்லாவற்றுக்கும் விதை. மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டு முடிந்ததும், ஒட்டுண்ணியியல் பேராசிரியர் ஒருவரின் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குப் போனார். மோங்கோ என்ற சுரங்க ஊர். அலுமினியத்துக்கான பாக்சைட் தாது வெட்டும் இடம். கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்காகப் பல நாட்டு மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பூமி அது. வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள், ஜாவாக்காரர்கள், சீனர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என எல்லோரும் ஒரே பகுதியில் வாழ்ந்தார்கள்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைப் பற்றி ஆய்வு செய்யும்போது பிளம்பெர்க்குக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஒரே கொசு, ஒரே ஊர். ஆனால் ஒரு கூட்டத்தாருக்கு நோய் அதிகமாக வருகிறது, இன்னொரு கூட்டத்தாருக்குக் குறைவாக வருகிறது. ஏன்? ரத்தத்திலேயே, பிறவியிலேயே ஏதாவது வித்தியாசம் இருக்குமோ?

அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1957-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். நைஜீரியா தொடங்கி உலகத்தின் பல மூலைகளிலிருந்து ரத்த மாதிரிகள் சேர ஆரம்பித்தன. அவருடைய குளிர்பெட்டி ஒரு சின்ன உலக வரைபடம் மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கோடு எப்படித் தெரிந்தது?

அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலுக்குள் மற்றவர்களுடைய ரத்தப் புரதங்கள் போயிருக்கும். தனக்குப் பழக்கமில்லாத புரதத்தைப் பார்த்ததும் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். அப்படியானால் அந்த நோயாளியின் ரத்த நீரையே ஒரு தூண்டிலாகப் பயன்படுத்தலாம். உலகத்தின் பல பாகத்து மக்களின் ரத்த நீரோடு அதைச் சேர்த்துப் பார்த்தால், எங்கெல்லாம் வித்தியாசமான புரதம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாட்டும்.

சோதனை முறையும் அப்படித்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற ஜெல்லியைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, நடுவில் ஒரு குழி, சுற்றிலும் சில குழிகள். நடுக்குழியில் நோயாளியின் ரத்த நீர், சுற்றியிருக்கும் குழிகளில் மற்றவர்களுடையது. இரண்டும் மெல்ல ஊறி நடுவழியில் சந்திக்கும். பொருத்தம் இருந்தால் அந்த இடத்தில் மெலிதாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அவ்வளவுதான். பல கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் கிடையாது.

1963. ஹார்வி ஆல்ட்டர் என்ற இளம் டாக்டரும் பிளம்பெர்க்கோடு சேர்ந்திருந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் ரத்த நீரை, பல இனத்து மக்களின் 24 மாதிரிகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் கோடு விழுந்தது. அது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் மாதிரி.

நியூயார்க் நோயாளிக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடிக்கும் என்ன சம்பந்தம்? யாருக்கும் புரியவில்லை. எங்கே கிடைத்ததோ அந்த நாட்டின் பெயரையே வைத்து ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று கூப்பிட்டார்கள். இந்த ஆல்ட்டர்தான் பின்னாளில், 2020-ல், ஹெபடைடிஸ் சி கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

முதலில் தப்பான கதவைத் தட்டினார்கள்

அடுத்து ஆயிரக்கணக்கான மாதிரிகளில் தேடினார்கள். ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் இது அபூர்வம். ஆசியாவின் வெப்ப மண்டல நாடுகளில் அதிகம். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடமும் அதிகம். இது லுகேமியாவோடு சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்றே முதலில் நினைத்தார்கள். 1965-ல் வெளியான முதல் கட்டுரையின் தலைப்பே லுகேமியா நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த புதிய ஆன்டிஜென் பற்றியதுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு லுகேமியா வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களையும் சோதித்தார்கள். அங்கேயும் நிறைய பேருக்கு இருந்தது. கணக்கு சரியாகப் போகிற மாதிரிதான் தெரிந்தது.

இதற்குள் பிளம்பெர்க் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாறியிருந்தார். 1966-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கு மறுபடி சோதனை செய்தபோது அதிர்ச்சி. முதலில் நெகட்டிவ் என்று வந்தவருக்கு இப்போது பாசிட்டிவ். பிறவியிலேயே வரும் குணம் நடுவில் எப்படி முளைக்கும்? முழுசாகப் பரிசோதித்தார்கள். இடைப்பட்ட நாட்களில் அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருந்தது.

1967-ல் இன்னொரு சம்பவம். அந்த ஆய்வகத்திலேயே, இதே ஆன்டிஜெனைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்த பெண் டெக்னீஷியனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவர் செய்த காரியம், தன் ரத்தத்தையே எடுத்துச் சோதித்ததுதான். மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு மஞ்சள் காமாலை வெளிப்பட்டது. வைரஸ் ஹெபடைடிஸை இந்த ஆன்டிஜென் சோதனை மூலம் கண்டறிந்த முதல் நோயாளி அவர்தான். நல்லவேளையாக முழுசாகக் குணமானார்.

பரம்பரைக் குணத்தைத் தேடிப் போனவர் கையில் மாட்டியது ஒரு கிருமி. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைதான் அந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென். ஹீமோஃபீலியா நோயாளியின் ரத்தத்தில் ஏன் அதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதும் இப்போது விளங்கியது. அவருக்கு ஏற்றிய ரத்தத்தில் எப்போதோ அந்த வைரஸ் வந்திருக்கிறது.

ஹெபடைடிஸுக்குக் காரணம் இதுதான் என்று ஏற்கெனவே பலர் பல கிருமிகளைக் கைகாட்டி ஏமாந்திருந்த காலம் அது. அதனால் நிபுணர்கள் உடனே நம்பவில்லை. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் வேறு ஆய்வாளர்கள் தனித்தனியாக உறுதி செய்த பிறகுதான் நிலைமை மாறியது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ரத்த வங்கிகள் இந்தச் சோதனையைச் செய்ய ஆரம்பித்தன. அதுவரை ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றுவது என்பது ஒரு வகையில் லாட்டரிதான். உயிர் பிழைக்க ஏற்றிய ரத்தமே கல்லீரலைக் கெடுத்த கதைகள் ஏராளம்.

வைரஸ் நிபுணர் இல்லாதவர் கொண்டுவந்த தடுப்பூசி

1969-ல் பிளம்பெர்க்கும் அவருடன் பணியாற்றிய இர்விங் மில்மனும் ஒரு காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள். கேட்டவர்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகவே இருந்திருக்கும். தடுப்பூசி என்றால் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும், கொல்ல வேண்டும் அல்லது வலுவிழக்கச் செய்ய வேண்டும். இந்த வைரஸையோ ஆய்வகத்தில் வளர்க்கவே முடியவில்லை.

ஆனால் அதற்கு ஒரு வினோத குணம் உண்டு. தொற்றுள்ளவரின் ரத்தத்தில் முழு வைரஸைவிட வெறும் மேலுறைத் துகள்கள் பல மடங்கு அதிகமாக மிதக்கும். உள்ளே மரபணு கிடையாது, அதனால் நோயை உண்டாக்காது. அந்தத் துகள்களை மட்டும் சுத்தமாகப் பிரித்து ஊசியாகப் போட்டால் என்ன என்பதுதான் யோசனை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே தடுப்பூசி!

உரிமம் பெற்ற மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் குழு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கில் 1,083 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1980-ல் வெளியானது. ஊசி வேலை செய்தது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986-ல் ஈஸ்ட் செல்களில் தயாரிக்கும் புதிய வகை வந்த பிறகு, மனித ரத்தத்தை நம்பியிருக்கும் நிலையும் போனது.

இதற்கிடையில் 1976-லேயே பிளம்பெர்க்குக்கு மருத்துவ நோபல் கிடைத்துவிட்டது. கூரு நோயை ஆராய்ந்த கார்ல்டன் கஜ்டுசெக்குடன் சேர்த்துக் கொடுத்தார்கள்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கல்லீரல் புற்றுநோய் அதிகமாக இருக்கும் நாடுகள் எவை என்று பாருங்கள். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகள், கிழக்கு ஆசியா. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் அதிகமாக இருக்கும் நாடுகளும் ஏறத்தாழ இவையேதான். இது தற்செயலா?

பிளம்பெர்க் குழு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து தேடியது. கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தை மட்டும் பார்க்காமல் அவர்களுடைய அப்பா, அம்மா ரத்தத்தையும் சோதித்தார்கள். அங்கேதான் முக்கியமான துப்பு கிடைத்தது. நோயாளிகளின் அம்மாக்களிடம் தொற்று மிக அதிகமாக இருந்தது. அப்பாக்களிடம் அந்த அளவுக்கு இல்லை. பிரசவ நேரத்திலும் கைக்குழந்தைப் பருவத்திலும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வைரஸ், சத்தமே இல்லாமல் பல பத்தாண்டுகள் தங்கி, கடைசியில் புற்றுநோயாக மாறுகிறது என்ற படம் மெல்லத் தெளிவானது.

சந்தேகத்தைத் தீர்த்தது தைவான். பால்மர் பீஸ்லி என்ற ஆய்வாளர் அங்கே 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1981-ல் முடிவு வந்தது. கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் ஆய்வு தொடங்கும்போதே ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். தொற்று இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து 223 மடங்கு. புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்தை நாம் எவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்? அதைவிட இது பல மடங்கு பெரிய எண்.

1984-ல் தைவான் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 1997-ல் அறிவித்தார்கள். ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் குறைக்க முடியும் என்பதற்கு உலகம் பார்த்த முதல் சாட்சி இதுதான்.

சென்னையும் கீழாநெல்லியும்

பிளம்பெர்க் வாழ்க்கையில் நம்ம ஊர் வரும் இடம் இது. மஞ்சள் காமாலை என்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு பிளம்பெர்க்கும் சேர்ந்து அதை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் காணாமல் போனது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

ஊரே கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்த சோதனைகளில் இதே பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-க்கான நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஆனால் நோபல் வாங்கிய ஒருவர், கிராமத்து வைத்தியம்தானே என்று ஒதுக்காமல் முறையாகச் சோதித்துப் பார்த்தது பெரிய விஷயம்.

புற்றுநோயையே நேரடியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை உண்டா?

ஹெச்பிஎஸ்ஏஜி புற்றுநோயைக் காட்டாது. யாரைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும். கட்டி வந்துவிட்டதா என்று சொல்ல வேறு மார்க்கர் வேண்டும்.

பிளம்பெர்க் அந்தக் கோட்டைப் பார்த்த அதே 1963-ல், மாஸ்கோவில் காரி அபெலெவ் என்ற விஞ்ஞானி கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டார். கருவில் இருக்கும்போது மட்டும் அதிகமாகச் சுரந்து, பிறந்த பிறகு அடங்கிப்போகும் புரதம். கட்டி வந்தால் மறுபடி தலைகாட்டுகிறது. ஏஎஃப்பி என்று டாக்டர்கள் எழுதிக்கொடுப்பது இதைத்தான். அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் உறுதியானது.

ஆனால் ஏஎஃப்பி-யை மட்டும் நம்ப முடியாது. ஆரம்பக் கட்டி உள்ள பலருக்கு இது ஏறவே ஏறாது. புற்றுநோயே இல்லாமல், கல்லீரல் அழற்சியால் மட்டுமே ஏறுவதும் உண்டு. அதனால்தான் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சேர்த்து எடுக்கிறார்கள்.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சியில் கடைசிக் காலத்திலும் பிளம்பெர்க் இருந்தார். உட்சக் என்ற வட அமெரிக்க அணில் வகைப் பிராணிக்கு ஹெபடைடிஸ் பி போன்ற வைரஸ் தொற்றும், கல்லீரல் புற்றுநோயும் வரும். அதன் ரத்தத்தையும் மனித ரத்தத்தையும் ஒப்பிட்டு, சர்க்கரை ஒட்டிய புரதங்களை அலசிய ஆய்வு 2005-ல் வெளியானது. கட்டுரையை எழுதியவர்களில் 80 வயதை நெருங்கிய பிளம்பெர்க்கும் ஒருவர். ஜிபி73 என்ற புரதத்தை அது முன்னிறுத்தியது. பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது. ஆனாலும் ஏஎஃப்பி-யை ஓரங்கட்டும் அளவுக்கு அது வளரவில்லை.

இன்றைக்கு ஏஎஃப்பி-யோடு அதன் ஒரு துணை வகையையும், பிவ்கா-2 என்ற இன்னொரு புரதத்தையும், வயதையும் பாலினத்தையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை வந்திருக்கிறது. கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைப் படிக்கும் பரிசோதனைகளும் வந்துகொண்டிருக்கின்றன. எதுவாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: யாருக்கு எடுப்பது? தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத ஒருவர் எந்த மார்க்கருக்காகவும் ரத்தம் கொடுக்க வரப்போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-ல் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்ந்தவர்கள் 25.4 கோடி பேர். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது.

தெரிந்தால் இன்னொரு பயம். வேலை போய்விடுமோ, கல்யாணம் நின்றுவிடுமோ, தட்டைத் தனியாக வைப்பார்களோ என்ற பயம். சோதனை வந்த சில ஆண்டுகளிலேயே பிளம்பெர்க் இதைப் பற்றிக் கவலையோடு எழுதினார். ஆரோக்கியமாக நடமாடும் ஒருவருக்கு ‘கேரியர்’ என்று முத்திரை குத்தினால் சமூகம் அவரை என்ன செய்யும் என்பது அவருடைய கேள்வி. கை கொடுப்பதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ ஹெபடைடிஸ் பி பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவையே முக்கிய வழிகள்.

கடைசி நாள்

1989 முதல் 1994 வரை ஆக்ஸ்ஃபோர்டின் பழம்பெரும் பேலியல் கல்லூரியின் தலைவர் பதவி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் அமெரிக்கர் அவர். 1999-ல் யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனார். வேற்றுக்கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்று ஆராயும் நாசாவின் வானுயிரியல் நிறுவனத்துக்குத் தலைவரானார். அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

2011 ஏப்ரல் 5-ம் தேதி, கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் நிலவு ஆராய்ச்சி பற்றிய ஒரு கூட்டம். அங்கே பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் பிளம்பெர்க் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. வயது 85.

அதற்கு முந்தைய ஆண்டுதான் உலக சுகாதார அமைப்பின் மாநாடு அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-ஐ உலக ஹெபடைடிஸ் தினமாக ஏற்றிருந்தது. அவர் இறந்த அதே 2011 டிசம்பரில், ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதலில் அறிமுகமான இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி தனியாக ஒன்று. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட். அரசு மருத்துவமனைகளில் இலவசம். இந்த ஊசிகள் பரவலாக வருவதற்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய கேள்வி பாக்கி இருக்கிறது: ஹெச்பிஎஸ்ஏஜி ஒருமுறையாவது எடுத்திருக்கிறீர்களா?